பெயர் இருக்கிறது, தேடினால் இல்லை

டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயன் வீட்டில், ஓர் அம்மா தன் தம்பிக்கு மூன்று பெயர்கள் சொன்னார். வீட்டில் கூப்பிட்டது ஒன்று, செக்ரோலில் எழுதப்பட்டது ஒன்று, வன்னியில் யாரோ ஆங்கிலத்தில் நிரப்பிய படிவத்தில் உள்ளது ஒன்று. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய பல குடும்பங்களைப் போலவே தம்பியும் போனார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட விபரங்களைத் தேடக்கூடிய பட்டியலாக்க, கணினி படித்த உள்ளூர் இளைஞர் ஒருவர் உதவுகிறார். வீடு வீடாகப் பதியும்போது மடிக்கணினியில் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம். பிறகு எல்லாம் இணைய வழங்கியிலுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றப்பட்டது. மாற்றிய அன்றே, முதல் நாள் தேடலில் கிடைத்த பெயர்கள் கிடைக்காமல் போயின. ஒன்றும் அழியவில்லை. எல்லாம் உள்ளேதான் இருந்தன.

இவை இரண்டும் தொடர்புசார் தரவுத்தளங்கள். ஆள் ஒரு அட்டவணையில், ஊர் இன்னொன்றில், இரண்டையும் ஓர் எண் இணைக்கும். இரண்டுக்கும் மொழி எஸ்கியூஎல். ஆனால் யாழ்ப்பாணத் தமிழும் மலையகத் தமிழும் போல, ஒரே மொழிக்குள் வழக்கு வேறு. முதல் பத்து வரிகளைக் கேட்க, போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் ‘லிமிட்’ என்ற சொல்லை ஏற்கும். மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வர் ‘டொப்’ என்று கேட்கும். இதனால் பெரிய ஆபத்தில்லை. பிழை உடனே திரையில் தெரிந்துவிடும்.

சத்தமில்லாத வேறுபாடுகள்தான் ஆளைத் தொலைக்கின்றன. ‘லைக்’ கட்டளையால் தேடினால், எஸ்கியூலைட் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும்; போஸ்ட்கிரெஸ் பார்க்காது. திகதிக்கான இடத்தில் “1958 அளவில்” என்று எழுதினாலும் எஸ்கியூலைட் வாங்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். ஒரக்கிளில் வெறுமையான எழுத்துத் தொடரும் ‘மதிப்புத் தெரியாது’ என்பதும் ஒன்றுதான். தகப்பன் பெயர் இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒன்றாகிவிடும். தேடுகிற குடும்பத்துக்கு அவை ஒன்றல்ல.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைப் பொறியியலாளர்கள் தன்னார்வமாக எழுதிய ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளில், காணாமல் போனோரைப் பதியவும் ஒரு பகுதி இருந்தது. பின்னாளில் வந்த ‘ஈடன்’ பதிப்பு, மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே ஓர் இடைப்படையை வைத்தது. நிரலாளர் கேள்வியை ஒருமுறை எழுதினால், இடைப்படை அதை எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றின் வழக்குக்கு மாற்றித் தரும். மின்சாரமும் இணையமும் அறுந்த இடத்தில் கையிலிருக்கும் கணினியிலேயே வேலையைத் தொடங்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

ஆனால் இடைப்படை சொல்லை மாற்றும். ஒவ்வொரு தரவுத்தளத்தின் குணத்தையும் முழுக்க மறைக்காது. அதனால் ஒரே மாதிரிப் பதிவுகளை ஒவ்வொன்றிலும் போட்டு, ஒரே விடை வருகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். அலுப்பான வேலை. பலர் விட்டுவிடுகிறார்கள்.

தமிழுக்கென்று தனிச் சிக்கலும் இருக்கிறது. ‘டிக்கோயா’வில் வரும் ‘கோ’வை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இந்த இரண்டு தரவுத்தளங்களுமே, நாம் வேறு ஏற்பாடு செய்யாதவரை, அவற்றை வேறு வேறு சொற்களாகத்தான் எடுக்கும். சேமிக்கும் முன்பே மென்பொருள் அதை ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இளைஞர் இப்போது சொன்னபடியே ஒரு பிரதியும், தேடலுக்காகச் சீராக்கிய பிரதியும் வைத்திருக்கிறார். பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் ‘உத்தேசம்’ என்று குறிக்க ஓர் இடம். பெயர்களுக்குத் தனி அட்டவணை. தம்பியின் மூன்று பெயர்களும் ஒரே எண்ணின் கீழ் இருக்கின்றன. நான்காவதாக வன்னியில் இன்னொரு பெயரும் இருந்திருக்கலாம் என்கிறார் அந்த அம்மா. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.