கட்டு உறுதியானதா? கீழே வாழ்பவர் யார்?

குளக்கட்டின் கீழ் வாழும் மக்களிடம் "உங்கள் கட்டு பாதுகாப்பானதா?" என்று கேட்டால், "இத்தனை வருடமாக நிற்கிறதுதானே" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலை வரை கந்தளாய்க் குளக்கட்டும் நின்றுகொண்டுதான் இருந்தது. அன்று உறக்கத்தில் இருந்த 120 க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டனர். வருடங்களின் எண்ணிக்கை ஒரு கட்டின் உறுதிக்குச் சான்றாகாது என்பதை நாம் அன்றே கற்றிருக்க வேண்டும்.

மண் அணைகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகை மதிப்பீடுகளை நாம் பிரித்தறிதல் அவசியம். ஒன்று அபாய மதிப்பீடு. அணை உடைந்தால் கீழே என்ன நேரும் என்பதை அது கூறும். ஐக்கிய அமெரிக்காவில் இதனை மூன்று தரங்களாக வகுத்துள்ளனர். உயிரிழப்பு நேரக்கூடுமாயின் 'உயர் அபாயம்'. உயிரிழப்பு எதிர்பார்க்கப்படாத போதிலும் பெரும் பொருட்சேதம் நேருமாயின் 'குறிப்பிடத்தக்க அபாயம்'. இழப்புச் சிறிதாயின் 'குறைந்த அபாயம்'. மற்றது நிலைமை மதிப்பீடு. கட்டு இன்று எப்படி இருக்கிறது என்பதை அது கூறும். திருப்திகரம், ஓரளவு நன்று, மோசம், திருப்தியற்றது என அது தரப்படும்.

இவ்விரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். புத்தம் புதிய, உறுதியான அணையும் உயர் அபாய அணையாக இருக்கலாம்; அதன் கீழே ஓர் ஊர் இருந்தாலே போதும். வயலாக இருந்த நிலத்தில் வீடுகள் எழுந்தால், கட்டில் ஒரு கூடை மண்கூடக் கூடாமலும் குறையாமலும் அதன் அபாயத் தரம் உயர்ந்துவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஈடன்வில் அணை. 1920 களில் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட இம்மண் அணை, பிற்காலத்தில் பொய்ஸ் ஹைட்ரோ என்ற தனியார் நீர்மின் கம்பனியின் கைக்கு வந்தது. அது உயர் அபாய அணை. எதிர்பார்க்கக்கூடிய உச்ச வெள்ளத்தின் ஏறக்குறைய பாதியை மட்டுமே அதன் வான் வெளியேற்றக்கூடியதாக இருந்தது. வானைப் பெருப்பிக்குமாறு மத்திய எரிசக்தி ஆணைக்குழு பல வருடங்களாகக் கேட்டும் வேலை நடைபெறவில்லை. 2018 செப்டெம்பரில் ஆணைக்குழு மின் உற்பத்தி அனுமதியை இரத்துச் செய்தது. அத்துடன் மேற்பார்வைப் பொறுப்பு மாநில அரசுக்கு மாறியது. அடுத்த மாதம் மாநில அதிகாரிகள் பார்வையிட்டு, கட்டமைப்பு 'ஓரளவு நன்று' என எழுதினர்.

2020 மே மாதம் பெருமழை பெய்தது. நீர்மட்டம் வழமையை விட 5 அடிக்கு மேல் உயர்ந்தது. மே 19 மாலை கட்டின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கீழே இருந்த சான்போர்ட் அணையும் அதனால் உடைந்தது. சுமார் 10,000 பேர் வெளியேற நேர்ந்தது. சேதம் சுமார் 200 மில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது. இரண்டு மாதங்களில் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

2022 இல் வெளியான சுயாதீன நிபுணர் குழுவின் அறிக்கை நாம் கவனிக்க வேண்டிய ஒன்று. உடைந்த இடத்தில் நீர் கட்டின் மேலாகப் பாயவில்லை. கட்டும்போதே சரியாக இறுக்கப்படாத தளர்ந்த மணல், நீர் ஊறியதும் தன் பலத்தைத் திடீரென இழந்து கூழ்போல் வழிந்துவிட்டது. வானைப் பற்றிய வாதம் பல வருடங்கள் நீண்டது. கட்டின் வயிற்றுக்குள் கிடந்த குறையோ எவர் கண்ணிலும் படவில்லை. மேலே நடந்து பார்த்து எழுதும் மதிப்பீட்டின் எல்லை இதுதான்.

ஆயினும் ஓர் உயிரேனும் பலியாகவில்லை. உயர் அபாய அணை என்பதால், உடைந்தால் எவர் எவரை அறிவிப்பது, மக்கள் எங்கே செல்வது என்ற அவசரகாலத் திட்டம் இருந்தது. முதல் நாள் இரவே மக்களை வெளியேற்றத் தொடங்கினர். கட்டின் நிலைமையை மதிப்பிட்டவர்கள் தவறினர். கீழே வாழ்பவர்களைக் கணக்கிட்ட மதிப்பீடு உயிர்களைக் காத்தது. கந்தளாயில் உறங்கிக்கொண்டிருந்தோருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

எனவே அணையோ குளமோ, மின்சாரத்துக்கோ விவசாயத்துக்கோ, கீழே வாழும் மக்கள் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. இக்கட்டுக்குப் பொறுப்பானவர் யார்? கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? கட்டின் உட்பகுதி ஆராயப்பட்டதா? பெருவெள்ளத்தை வான் தாங்குமா? நள்ளிரவில் எமக்கு அறிவிப்பவர் யார்? எந்த மேட்டு நிலத்துக்கு நாம் ஓட வேண்டும்?

அத்துடன் எமது கண்களுக்கும் வேலை உண்டு. கட்டின் அடியில் புதிய ஈரம், கலங்கிய கசிவு நீர், மேலே நீளமான வெடிப்பு, தாழ்ந்துபோன இடம், புற்றுகள், வேரோடிய பெரு மரங்கள் ஆகியன எச்சரிக்கைகள். தெளிந்து வரும் கசிவு கலங்கத் தொடங்கினால், கட்டின் மண் உள்ளிருந்தே அரித்துச் செல்லப்படுகிறது என்று பொருள். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. மாரிக்கு முன்னர் கமக்காரர் அமைப்பினர் ஒருநாள் கட்டு முழுவதும் நடந்து பார்த்து, கண்டதைத் திகதியிட்டு எழுதி, பொறுப்பானவரிடம் கையளித்து, பிரதியைத் தம்மிடம் வைத்திருப்பார்களாக. அடுத்த வருடம் அதே இடத்தைப் பார்க்கும்போது, ஈரம் பரவியிருக்கிறதா என்பதை அந்தப் பிரதியே சொல்லும்.