காருக்கு முன்னால் காகிதத்துக்கு ஏலம்! தெரியுமா?

நகரம் வளர்ந்தால் கார் பெருகும், கார் பெருகினால் நெரிசல் கூடும், அது நம் தலையெழுத்து என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

ஒரு மணி நேரக் கணக்கு தெரியுமா? மனிதர்கள் தினசரிப் பயணத்துக்குச் செலவிடும் நேரம் காலங்காலமாகச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் என்று 1994-ல் எழுதினார் இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி. வண்டி வேகமானால் சீக்கிரம் வீடு திரும்புகிறோமா? ஊஹூம், இன்னும் தள்ளி வீடு பார்க்கிறோம்!

நாலாவது ஆள் கதை தெரியுமா? நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் நெரிசலுக்காகவே உலகில் முதன்முதலில் கட்டணம் வாங்கிய ஊர் சிங்கப்பூர். ஆண்டு 1975, காலை நேரக் கட்டணம் நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). உள்ளே நுழையும் வாகனங்கள் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன! காரில் நாலு பேர் இருந்தால் கட்டணம் இல்லை. உடனே என்ன நடந்தது? பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களை அழைத்து ஏற்றிக்கொண்டு நாலு பேர் கணக்கை நிரப்பினார்கள் கார்க்காரர்கள்!

அதே ஊரில் கார் வாங்கவே ஏலம், தெரியுமா? 1990 முதல் அங்கே கார் வாங்க வேண்டுமானால் முதலில் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டுகள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,000 வெள்ளியைத் தாண்டியது. கார் இன்னும் கைக்கு வரவில்லை, இது காகிதத்தின் விலை மட்டும்!

நிறுத்த இடமில்லையா, காரும் இல்லை! டோக்கியோவில் கார் வாங்குபவர், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வண்டி நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதைக் காட்டிப் போலீஸிடம் சான்று வாங்க வேண்டும். இதற்கான சட்டம் 1962-லேயே வந்துவிட்டது. தெருவோரம் ராத்திரி முழுக்க வண்டியை விட்டுவைக்கும் பேச்சே கிடையாது!

நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் நாடு என்றா நினைத்தீர்கள்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கும் கார்தான் ராஜா. 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் பலி, அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் கொதித்தெழுந்து தெருவில் இறங்கினார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குத் தடை! அதன் பிறகுதான் சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் மளமளவென்று பெருகின. இன்று அங்கே ஜனத்தொகையைவிட சைக்கிள்கள் அதிகம்!

லைசென்ஸே வேண்டாம் என்கிற இளைஞர்களைத் தெரியுமா? 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 17 முதல் 20 வயதுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கையில் கார் லைசென்ஸ் இருந்தது. 2014-ல் அது 30 சதவீதத்துக்கும் கீழே! இன்சூரன்ஸ் செலவு ஒரு பக்கம், நீண்டுகொண்டே போகும் கல்லூரிப் படிப்பு இன்னொரு பக்கம்.

திட்டியவர்களே ஓட்டுப் போட்டார்கள், தெரியுமா? 2006 ஜனவரியில் தொடங்கி ஸ்டாக்ஹோம் நெரிசல் கட்டணத்தை ஏழு மாதத்துக்குச் சோதித்துப் பார்த்தது. தொடங்கும் முன் பெரும்பாலோர் எதிர்ப்பு. போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது, வாக்களித்த நகரவாசிகளில் பாதிக்கு மேல் "இருக்கட்டும்" என்றார்கள்! மறு ஆண்டே கட்டணம் நிரந்தரமாகிவிட்டது. "நம்ம ஜனங்க மாறவே மாட்டாங்க" என்று அடுத்த முறை யாராவது அலுத்துக்கொண்டால், இந்த வாக்கெடுப்பை எடுத்து விடுங்கள்!