மின்கம்பி எட்டாத இடங்களுக்கு ஜெனரேட்டர் தெரிந்தெடுத்தல்

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் வருஷம் மே மாதத்தில். அவ்வளவு காலத்துக்கு முன்பே மின்சாரம் வந்து சேர்ந்த ஊராயினும், அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் கம்பி எட்டாத கொல்லைகளும், கம்பி எட்டியிருந்தும் புயற்காலத்தில் நாட்கணக்காக இருளில் கிடக்கும் வீடுகளும் உண்டு. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி தொடங்கிய ஒரு நாட்பொழுதில் தாம்பரத்தில் பெய்த மழை ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய பகுதிகள் வெள்ளக்காடாயின. மறுவருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் கரை கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் ஒருங்கே சாய்ந்து, புறநகர்ப் பகுதிகள் பல நாட்கள் மின்சாரமின்றித் தவித்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையிலும் இதே தொல்லை நேர்ந்தது.

இவ்வநுபவங்களின் பயனாகச் சிறு ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைக்கவேண்டுமென்னும் எண்ணம் குடியானவர்களிடையே பரவியுள்ளது. தோட்டக் காவற் குடிசைக்கும், களத்துமேட்டுக் கூடாரத்துக்கும், கிராமத்து நிவாரண முகாமுக்கும் இது உபயோகமான பொருளே. ஆனால் வாங்குவோர் பெரும்பாலும் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்து வாங்குகிறார்களேயன்றி, தாங்கள் செய்யவேண்டிய வேலையைக் கணக்கிட்டு வாங்குவதில்லை. இதனால் சிலர் வேண்டியதைவிடப் பெரிய இயந்திரத்தை வாங்கி எண்ணெய்க்கு அழுகிறார்கள். வேறு சிலர் சிறியதை வாங்கி மோட்டாரை எரித்துக்கொள்கிறார்கள்.

கணக்கு கடினமானதன்று. ஒரு காவற் குடிசையிலோ சிறு கூடாரத்திலோ 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கும், 75 வாட் மின்விசிறி இரண்டும், கைபேசி நான்குக்கு மின்னேற்றமும் வேண்டுமென்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 230 வாட்டே ஆகும். இரவு பத்து மணி நேரத்துக்கு இரண்டேகால் யூனிட் செலவாகும். இவ்வளவு சிறிய பாரத்துக்கு 1 கே.வி.ஏ. இயந்திரமே தாராளம். இத்துடன் இண்டக்ஷன் அடுப்பு ஒன்றைச் சேர்த்தவுடன் கணக்கு தலைகீழாகிறது. அது ஒன்றே 2,000 வாட் வரையில் இழுக்கும். வெந்நீர்ப் பாத்திரம், இஸ்திரிப் பெட்டி முதலிய சூடேற்றும் சாமான்கள் யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. சமையலைக் காஸ் அடுப்பிலோ விறகிலோ முடித்துக்கொண்டு, ஜெனரேட்டரை விளக்குக்கும் காற்றுக்கும் விட்டுவிடுவது சிலாக்கியம்.

மோட்டார் வைத்த சாமான்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுக்கும் மின்னோட்டம் ஒன்று. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இழுப்பது மற்றொன்று. சாதாரண மோட்டாரை நேராக இணைத்துக் கிளப்பினால், ஓரிரு விநாடி நேரம் ஓட்ட மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரையில் இழுக்கும். பாரவண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போது மாடுகள் படும் பாடு இதற்கு ஒப்பாகும். ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட். ஆகவே 1 குதிரைசக்தி மோனோபிளாக் பம்புக்கு 1 கே.வி.ஏ. போதுமென்று நினைப்பது இயல்பு. ஆனால் மோட்டாரின் நஷ்டங்களையும் சேர்த்தால் ஓட்டத்திலேயே சுமார் 1,100 வாட் இழுக்கும். கிளம்பும் வேகத்தைத் தாங்க 3 முதல் 5 கே.வி.ஏ. இயந்திரம் வேண்டும். 5 குதிரைசக்தி நீர்மூழ்கி மோட்டாரை நேராகக் கிளப்புவதற்கு 12.5 முதல் 15 கே.வி.ஏ. வரையிலும், சில சமயங்களில் அதற்கு மேலும் தேவைப்படும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்த சக்தியுள்ள ஜெனரேட்டரில் மோட்டாரைப் பூட்டினால் வோல்ட் விழுந்து, மோட்டார் கிளம்பவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் உறுமிக்கொண்டே சூடேறிக் கம்பிச்சுற்று கருகிவிடும்.

அமெரிக்காவில் வீடுபோல் அமைத்த மோட்டார் வண்டிகளில் குடும்பத்தோடு காடுமலைகளுக்குச் சென்று தங்குவோர் ஏராளம். அவர்களுக்கும் இதே சிக்கல்தான். வண்டியின் கூரையில் உள்ள குளிர்சாதனம் ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுப்பினும், அதன் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 2,000 வாட் இயந்திரம் திணறி நின்றுவிடுவதுண்டு. ஆகையால் அவர்கள் சிறு இயந்திரங்கள் இரண்டைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். அல்லது மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். சேர்த்து ஓட்டுவதென்பது அதற்கென்றே செய்யப்பட்ட இன்வெர்ட்டர் வகை இயந்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும். சாதாரண ஜெனரேட்டர் இரண்டின் ஒயர்களை முடிச்சுப் போட்டால் இரண்டும் கெடும்.

பெட்டியின்மேல் உள்ள எண்களைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதிகபட்ச சக்தி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது சில நிமிஷங்களுக்கு மட்டுமே தாங்கக்கூடியது. தொடர்ந்து தாங்கும் சக்தி என்று தகட்டில் சிறிய எழுத்தில் இருப்பதே கணக்குக்கு உரியது. மேலும் கே.வி.ஏ. என்பதும் கிலோவாட் என்பதும் ஒன்றல்ல. மும்முனை இயந்திரங்களில் சாதாரணமாக 1 கே.வி.ஏ.வுக்கு 0.8 கிலோவாட் என்று கொள்ளவேண்டும்.

இனி வகையைப் பற்றி. சாதாரணச் சிறு பெட்ரோல் ஜெனரேட்டர், பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றியே தீரவேண்டும். இல்லாவிடில் 50 சைக்கிள் மின்சாரம் கிடைக்காது. இன்வெர்ட்டர் வகையிலோ, உண்டாகும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றிப் பிறகு 50 சைக்கிளாக ஆக்கித் தருவதால், பாரம் குறைந்தபோது எஞ்சின் மெதுவாகச் சுற்றலாம். சத்தமும் எண்ணெய்ச் செலவும் குறைவு. கைபேசி, கணினி முதலிய நுட்பமான கருவிகளுக்கும் தீங்கில்லை. மேலே கூறிய 230 வாட் பாரத்துக்கு 1 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் இயந்திரம் மணிக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். அதே பாரத்துக்குச் சாதாரண 2 கே.வி.ஏ. இயந்திரம் அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். இன்வெர்ட்டர் வகையின் விலை கணிசமாக அதிகம். பழுதானால் மூலைக் கடையில் சீராக்க இயலாது. இரவெல்லாம் விளக்கெரியவேண்டிய இடத்துக்கு அதுவும், எப்போதாவது ஒரு மணி நேரம் பம்பு ஓட்டவேண்டிய இடத்துக்குச் சாதாரண வகையும் ஏற்றவை.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இயந்திரங்கள் மலிவாகக் கிடைப்பதைக் கண்டு மயங்கலாகாது. அவற்றுள் அமெரிக்க இயந்திரங்கள் 120 வோல்ட், 60 சைக்கிளுக்குச் செய்யப்பட்டவை. இவ்விடத்து மோட்டார்களுக்கு ஒவ்வா.

தண்ணீர் இறைப்பதற்கென்றே ஜெனரேட்டர் வாங்க நினைப்போர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கவேண்டும். எஞ்சினின் சக்தியை மின்சாரமாக்கி, அம்மின்சாரத்தை மோட்டாரில் மறுபடி சுழற்சியாக்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு வீணாகிறது. வயலில் தேங்கிய வெள்ளத்தை வடிக்கவோ, திறந்த கிணற்றில் இறைக்கவோ எஞ்சினோடு இணைந்த பம்பு செட்டே மேல். விலையும் குறைவு, எண்ணெயும் மிச்சம். ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மட்டும் வேறு வழியில்லை. டிராக்டர் வைத்திருப்பவர் அதன் பின்புறச் சுழலியால் ஓடும் ஆல்ட்டர்னேட்டரைப் பற்றி விசாரிப்பது நன்று. தனி எஞ்சினுக்குப் பணம் போடவேண்டியதில்லை.

பாட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி மேற்படி 230 வாட் பாரத்தை நான்கு மணி நேரமளவு தாங்கும். ஆனால் ஈயப் பாட்டரி மெதுவாகவே மின்னேற்றம் கொள்ளும். அதற்காகப் பத்து மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டுவது வீண் செலவு. வெயிற்காலத்துக் காவற் குடிசைக்குச் சூரியத் தகடும் பாட்டரியுமே போதும். மேகம் மூடிய புயல் நாட்களில்தான் அவை கைவிடும்.

எந்த வகையை வாங்கினாலும் அதை எங்கே வைப்பது என்பதைப் பொறுத்தே உயிர் நிற்பதும் போவதும் இருக்கிறது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலிருப்பவர் உறக்கத்திலேயே மாண்டுபோவார். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் மயக்கமும் தோன்றும்போதே கால்கள் எழ மறுக்கும். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்தைத் தாக்கிய லாரா புயலில் இறந்தோருள் கணிசமானவர்கள் புயற்காற்றால் அன்றி, அதற்குப் பின் ஓட்டிய ஜெனரேட்டர்களின் புகையாலேயே இறந்தார்கள். மழையில் நனையுமென்றும் திருட்டுப் போகுமென்றும் அஞ்சி இயந்திரத்தைத் திண்ணையிலும் மாடிப்படிக்கு அடியிலும் கூடாரத்து ஓரத்திலும் வைப்பதே இவ்வகைச் சாவுகளுக்குக் காரணம். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதுமென்பது தவறு. குடியிருப்பிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்தில், காற்று வீட்டை நோக்கி வீசாத பக்கத்தில், புகைக்குழாயை வெளிப்புறம் திருப்பி வைக்கவேண்டும். நான்கு கால் நட்டு மேலே தகரம் போட்டு, நாற்புறமும் திறந்த பந்தலே அதற்குத் தகுந்த கொட்டகை. திருட்டுக்குச் சங்கிலியும் பூட்டும் போதும். இவ்வளவு தூரத்துக்கு இழுக்கும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பிக்குக் குறையாமலும், நீரில் கிடக்காமலும் இருக்கவேண்டும். தொழுவத்தை ஒட்டியும் வைக்கலாகாது. மாட்டுக்கும் அந்நஞ்சு நஞ்சே.

மற்றோர் அபாயம் பிறருக்கு விளைவது. இருமுனையிலும் ஆண் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து வீட்டுச் சுவரிலுள்ள பிளக் துவாரத்தில் செருகி வீடு முழுவதையும் எரியவிடும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அவ்வாறு செருகிய மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக்கம்பிக்கு ஏறுகிறது. அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது. 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், மறுபுறமிருந்து வரும் மின்சாரத்தை 11,000 வோல்ட்டாக உயர்த்தியும் அனுப்பும். லைன் அணைக்கப்பட்டதென்று நம்பிக் கம்பத்தின்மேல் ஏறி, அறுந்த கம்பியைப் பிடிக்கும் மின்வாரிய ஊழியரின் கையில் அது பாயும். வீட்டுக்கு இணைப்பதாயின், ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே சேர்க்கும் சேஞ்ச்-ஓவர் சுவிட்சை லைசென்ஸ் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைத்துக்கொள்ளவேண்டும். கூடாரத்துக்கும் குடிசைக்கும் இத்தொல்லை இல்லை. விளக்கையும் விசிறியையும் ஜெனரேட்டரிலேயே நேராகச் செருகிவிடலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பெரும்புயல்களுக்குப் பின் குடிநீர் மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீரேற்ற வாடகை ஜெனரேட்டர்களையே நம்பவேண்டி வருகிறது. வண்டி வந்து நின்ற பின், மோட்டார் எத்தனை குதிரைசக்தி, எவ்வகை ஸ்டார்ட்டர், எங்கே இணைப்பது என்று தேடுவதிலேயே அரைநாள் கழிந்துவிடும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு பம்பு அறையிலும் மோட்டாரின் தகட்டு விவரங்களைச் சுவரில் எழுதி, சேஞ்ச்-ஓவர் சுவிட்சும் வெளி இணைப்பு முனையும் அமைத்து வைத்தால் வண்டி வந்த கால்மணி நேரத்தில் தண்ணீர் ஏறும். ஊரிலோ பக்கத்திலோ வாடகைக்குக் கிடைக்கும் டீசல் ஜெனரேட்டர்களின் கே.வி.ஏ. அளவையும் அதே சமயத்தில் குறித்துக்கொள்வது நலம். 2005 ஜனவரிக்குப் பின் செய்யப்பட்ட டீசல் ஜெனரேட்டரின் சத்தம் அதன் கூட்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபெலுக்கு மேற்படக்கூடாதென்பது விதி. முகாமுக்கு அருகில் வைக்கும்போது இதையும் பார்க்கவேண்டும்.

வாங்கிய இயந்திரத்தைக் கோணி போர்த்தி மூலையில் வைத்துவிட்டு, புயலன்று கயிற்றை இழுத்தால் கிளம்பாது. இக்காலத்துப் பெட்ரோலில் 20 சதவீதம் வரையில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும். நாளானால் கார்ப்புரேட்டரில் பிசின்போல் படிந்துவிடும். மாதம் ஒருமுறை விளக்கு விசிறிகளைப் பூட்டிக் கால்மணி நேரம் ஓட்டிவிட்டு, எண்ணெய்க் குழாயை மூடி, கார்ப்புரேட்டரிலுள்ளது தீர்ந்து தானே நிற்கும்படி விடவேண்டும். விற்பனைக்கல்லாத பெட்ரோலை லைசென்ஸ் இன்றி 30 லிட்டர் வரையில் வைத்துக்கொள்ள 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் வீட்டுக்குள் வைக்கலாகாது. மின்சாரமில்லாத நாளில் பெட்ரோல் பங்கின் பம்பும் ஓடாமற் போகலாமாதலால், புயல் எச்சரிக்கை வந்தவுடனே வாங்கி வைத்துக்கொள்வது உசிதம். எஞ்சின் சூடாயிருக்கும்போது எண்ணெய் ஊற்றக்கூடாது. நிறுத்தி, ஆறவிட்டே ஊற்றவேண்டும். மசகெண்ணெயைப் புது இயந்திரத்தில் முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பின்னும், அதன்மேல் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவான முறை. இயந்திரத்தோடு வரும் புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றி, ஓடிய மணி நேரத்தைப் பந்தற் காலில் தொங்கும் அட்டையில் அவ்வப்போது எழுதிவரலாம்.