மணிலாப் பயிரின் இலைப்புள்ளி நோய்: மூன்று கணக்குகள்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் மணிலா பயிரிடுவோருக்கு டிக்கா என்னும் இலைப்புள்ளி நோய் புதிதன்று. திண்டிவனம் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து 1940இல் வெளியான டி.எம்.வி. 2 ரகமும் இதற்கு எளிதில் இடங்கொடுப்பதே. விதைத்து ஒரு மாதம் கழிந்து புள்ளிகள் தோன்றும்போது மிராசுதார் அறிய விரும்புவது ஒன்றே: அறுவடைக்குள் இஃது எவ்வளவு பெருகும்?

தென்னாப்பிரிக்க சாஸ்திரி வாண்டர்பிளாங்க் 1963இல் வெளியிட்ட நூலில் நோய்ப் பெருக்கத்தை வட்டிக்கு ஒப்பிட்டார். மண்ணிலுள்ள பூசணத்தால் நேரும் வாடல், அப்பருவத்தில் செடிக்குச் செடி பெரும்பாலும் தாவுவதில்லை, அது தனிவட்டி. இலைப்புள்ளியின் வித்துகளோ காற்றாலும் மழைத்துளியாலும் பரவி, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் புதுப் புள்ளிகளாகின்றன, அது கூட்டுவட்டி. எனினும் பச்சை இலை குறையக் குறைய வேகம் தணிந்தே தீரும். பாதி இலை கெட்டபோது வேகம் உச்சமடையும் என்பது லாஜிஸ்டிக் கணக்கு. 100க்கு 37 கெட்டபோதே உச்சமடைந்து, பின்னர் மெல்லத் தணியும் என்பது காம்பெர்ட்ஸ் கணக்கு. இது 1825இல் மனிதர் ஆயுளைக் குறித்து வகுக்கப்பட்டது என்பது வேடிக்கை.

உதாரணமாக, 40ஆம் நாளில் இலைப்பரப்பில் 100க்கு 1 பங்கும், 50ஆம் நாளில் 5 பங்கும் கெட்டிருந்ததாகக் கொள்வோம். இவ்விரண்டு எண்களுக்கும் மூன்று கணக்குகளும் பொருந்தும். ஆயின் பாதி இலை கெடும் நாள், லாஜிஸ்டிக்கில் 68; காம்பெர்ட்ஸில் 84; தனிவட்டியிலோ 200க்கும் மேல். பயிரோ சுமார் 105 நாளில் பிடுங்கப்படுவது! ஆதலால் 60ஆம் நாளில் மூன்றாம் முறை வயலுக்குச் சென்று எண்ணுதல் அவசியம். அன்று 22 பங்கு கெட்டிருப்பின் லாஜிஸ்டிக், 14 எனில் காம்பெர்ட்ஸ், 9 எனில் தனிவட்டி. பெர்கர் என்பார் 1981இல் பல பயிர்நோய்களை ஒப்பிட்டபோது, லாஜிஸ்டிக்கைவிடக் காம்பெர்ட்ஸே நன்கு பொருந்தக் கண்டார். இடையில் மழை அடைத்துப் பெய்தாலோ, பனி மிகுந்தாலோ எக்கணக்கும் பிசகும்.

மூன்றாம் எண் வரும்வரை மருந்து தெளிப்பதை நிறுத்தி வைத்தல் கூடாது. ஒரு பாத்தியை மட்டும் மருந்தின்றி விட்டு, அதில் எண்ணினால் போதும்.

சேதம் மதிப்பிட வரும் கிராம அதிகாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளி மிகுந்த இலைகள் உதிர்ந்துவிடுகின்றன. செடியில் எஞ்சிய இலைகளை மட்டும் பார்த்தால் நோய் குறைந்ததுபோல் தோன்றி, விவசாயிக்கு நஷ்டமாக முடியும். தண்டில் இலை உதிர்ந்த கணுக்களை எண்ணி, அவ்விலைகளை முழுவதும் கெட்டவையாகவே சேர்க்க வேண்டும்.