மணமனைக்கு ஏற்ற பரிசில்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். கடையெழு வள்ளல்களைப் பற்றிப் பாடங் கேட்கும்போதெல்லாம் இவ்விரு கொடைகளும் ஒருங்கு வைத்துப் போற்றப்படுதலை நாம் அறிவோம். ஆயினும், உற்று நோக்குவார்க்கு இரண்டிற்கும் ஒரு வேறுபாடு புலனாகும். பற்றுக்கோடின்றித் துவண்ட கொடிக்குத் தேர் கொழுகொம்பாயிற்று; மயிலோ போர்வையை வைத்துக்கொண்டு என் செய்திருக்கும்? இங்ஙனம் வினவுதல் அவ்வள்ளலின் அருளுள்ளத்தைக் குறை கூறுதலன்று. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வாராக. நம் இல்லங்களின் பரண்மேல் ஏறி நோக்கினால், பேகனின் போர்வைகள் இன்றும் எத்துணை உள என்பது விளங்கும்.

மூன்றாண்டுகட்கு முன்னர் என் தமக்கையாரின் திருமணம் நடந்தேறியது. வரவேற்பில் வந்த பரிசில்களை மறுநாள் கூடத்திற் பிரித்து அடுக்கினோம். மிக்ஸி மூன்று; ஹாட்பாக்ஸ் ஏழு; இண்டக்ஷன் அடுப்பு இரண்டு; சுவர்க்கடிகாரங்களை எண்ணுவதை இடையிலேயே கைவிட்டோம். உற்றார் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு மேற்பட்டே செலவிட்டிருந்தனர் என்பதை என் தந்தையார் நன்கறிவார். அத்துணைப் பொருளும் வந்தும், அக்காள் குடிபுகுந்த வாடகை வீட்டில் முதல் மாதம் இட்டிலிக்கு மாவரைக்கும் வழியில்லாதிருந்தது. அன்று முதல், மனைக்கருவிகளைப் பரிசிலாகத் தேர்வது எங்ஙனம் என்பதைப் பற்றி யான் சிந்திக்கலானேன்.

முதற்கண் நோக்கத்தக்கது கருவியன்று. அது சென்று சேரும் வீடு. இந்திய வீடுகளில் வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. சுவரிலுள்ள மின்துளைகள் இருவகைப்படும்: சிறியவை 6 ஆம்பியருக்கும், பெரியவை 16 ஆம்பியருக்கும் உரியன. ஆறை இருநூற்று முப்பதாற் பெருக்கினால் 1380 வாட் ஆகும். அதற்கு மேற்பட்ட ஆற்றலை இழுக்கும் கருவியைச் சிறு துளையிற் செருகின், கம்பி சூடேறும், துளை கருகும், தீப்பற்றலும் கூடும். மிக்ஸி பெரும்பாலும் 500 முதல் 750 வாட் வரையிலேயே இருத்தலின் இடரில்லை. இண்டக்ஷன் அடுப்போ 2000 வாட் வரை இழுக்கும். அக்காள் வீட்டில் பெரிய மின்துளை ஒன்றே இருந்தது, அதுவும் குளியலறையில்! இன்னுமொன்று: செருகியின் மூன்றாம் முளை மற்றவற்றினும் நீண்டும் பருத்தும் இருத்தலைக் கண்டிருப்பீர்கள். அது நிலத்தோடு இணைக்கும் முளை. ஏனைய இரண்டிற்கும் முன்னரே சென்று தொடுதற்பொருட்டு நீளமாக அமைக்கப்பட்டது. பழைய வீடுகள் சிலவற்றில் அம்முளைக்குரிய துளை இருந்தும், அதன் பின்னே கம்பியிராது. அத்தகைய வீட்டிற்கு நீர் சூடாக்கும் கருவியை அளித்தல் அன்பின் செயலாயினும் அச்சத்திற்குரியதே.

இண்டக்ஷன் அடுப்பிற்கு மற்றுமொரு தடையும் உண்டு. அது நெருப்பால் சுடுவதன்று; காந்தப்புலத்தினால் பாத்திரத்தின் அடியிலேயே வெப்பத்தைத் தோற்றுவிப்பது. ஆதலின், காந்தம் ஒட்டும் தட்டையான அடியுடைய பாத்திரமே அதற்கு ஏற்றது. அலுமினியம், பித்தளை, மண்சட்டி ஆகியன அதன்மேல் வைத்தபடியே குளிர்ந்திருக்கும். அக்காளின் பாத்திரங்களுள் மூன்றிலொரு பங்குகூட அதற்கு உதவவில்லை. பரிசளிப்போர் ஒரு சிறு காந்தத்தை மணமகள் வீட்டு அடுக்களைக்குள் கொண்டுசெல்லல் நாகரிகமன்று என்பீராயின், அவ்வடுப்போடு ஒரு பாத்திரத்தையும் சேர்த்தளித்தல் நன்று.

இனி, அரைக்கும் கருவிகள். அம்மியும் ஆட்டுக்கல்லும் நம் தாய்மாரின் தோள்களை எத்துணை வருத்தின என்பதை எழுதப் புகின் இவ்விதழின் பக்கங்கள் போதா. கோயம்புத்தூரைச் சார்ந்த சபாபதி என்பார் 1955இல் மின்விசையால் இயங்கும் கிரைண்டரை அமைத்தனர். பிற்காலத்தில் கோயம்புத்தூர்க் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. கிரைண்டரில் கல் மெல்லச் சுழலும். மாவு மிகச் சூடேறாது. அதனால் நன்கு பொங்கிப் புளிக்கும். மிக்ஸியின் அலகோ விரைந்து சுழன்று மாவைச் சூடேற்றிவிடும். சட்டினிக்கும் மசாலைக்கும் அதுவே தக்கது. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. 2011இல் தமிழ்நாட்டரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்னும் மூன்றையும் குடும்ப அட்டையுடைய மகளிர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, கிரைண்டரையும் சேர்த்தமை எண்ணத்தக்கது. எம் உற்றார் மூவருக்கு அவ்வெண்ணம் தோன்றவில்லை. கிரைண்டர் அளிப்போரும் இடத்தை அறிந்தே அளித்தல் வேண்டும்: சாய்த்து வழிக்கும் பெருங்கிரைண்டர் தரையில் ஓரிடத்தைத் தனக்கெனக் கவர்ந்துகொள்ளும், ஆண்டுதோறும் வீடு மாறும் இளந்தம்பதியர்க்கு மேசைமேல் வைக்கும் இரண்டு லிட்டர்க் கருவியே போதும்.

அத்திருமணத்தில் வந்த பரிசில்களுள் நாள்தோறும் பயன்பட்டது எம் ஆச்சி கொடுத்த பிரஷர் குக்கரே. ஆச்சி எழுத்தறியாதவர். எனினும், கடைக்குச் செல்லுமுன் அக்காளை அழைத்து, “ஏளா, அங்க எத்தனை பேருக்குப் பொங்கணும்? கேஸ் அடுப்பா, கரண்டு அடுப்பா?” என்று கேட்டவர் அவரொருவரே. இருவர்க்கு மூன்று லிட்டர் என்று கணக்கிட்டு வாங்கினார். குக்கரின் தத்துவம் பழையது. தெனி பப்பென் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679இலேயே அத்தகைய கலத்தைச் செய்து காட்டினர். நீராவியை வெளியேறவொட்டாது அடைப்பின் அழுத்தம் மிகும். அழுத்தம் மிகவே, 100 பாகையிற் கொதிக்கும் நீர் ஏறத்தாழ 120 பாகையிற் கொதிக்கும். அதனால் பருப்பு விரைவில் வேகும். ஆவிக்குழல் அடைபட்டாலோ, நீர் வற்றிக் கலம் மிகச் சூடேறினாலோ, மூடியிலுள்ள காப்பு வால்வு திறந்து ஆவியை வெளியேற்றல் வேண்டும். அவ்வால்வு தரமற்றதாயின் குக்கர் வெடிகுண்டாகும். 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத குக்கரை விற்றல் விலக்கப்பட்டது இதுபற்றியே. விலை மலிந்ததென்று முத்திரையற்றதை வாங்கிப் பரிசளிப்போர், தாம் எதைக் கொடுக்கின்றோம் என்பதை உணர்வாராக. ஆச்சி குக்கரோடு இரண்டு ரப்பர் வளையங்களும் ஒரு காப்பு வால்வும் தனியே வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். உடனிருந்தோர் நகைத்தனர்.

மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி முதலியவற்றை அளிப்போர் நட்சத்திரக் குறிச் சீட்டைப் பார்த்தல் வேண்டும். இம்முறை நம் நாட்டில் 2006இல் தொடங்கியது. நட்சத்திரங்களை மட்டும் எண்ணி மயங்கலாகாது. ஆண்டொன்றுக்கு எத்தனை யூனிட் என்று அச்சீட்டில் எழுதியிருப்பதையும் படித்தல் வேண்டும். பழைய வகை மின்விசிறி 75 வாட் இழுக்கும். இக்காலத்துப் புதுவகை விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால், மாதத்தில் ஏறத்தாழ 16 யூனிட் மிச்சமாகும். பரிசிலின் விலை கொடுப்பவர்க்கு ஒருமுறைச் செலவு. மின்கட்டணமோ பெறுபவர்க்கு என்றும் உள்ளது.

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்கட்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட். எம் மாமா ஒருவர் அங்கிருந்து அன்போடு சுமந்துவந்த காப்பிக் கருவியை இங்குள்ள துளையிற் செருகிய அக்கணமே புகை எழுந்தது. அழுத்தம் இருமடங்கை அணுகின் வெப்பம் நான்மடங்கை அணுகும் என்பது பௌதிக மாணவர் அறிந்ததே. விலை தெரிந்துவிடுமே என்று நாணி, கடைச்சீட்டைக் கிழித்தெறிந்து பரிசளிக்கும் வழக்கமும் நம்மிடம் உளது. சீட்டின்றேல் பழுது பார்க்கும் உறுதிமொழி பெரும்பாலும் பயனற்றுப்போம். நாணத்தை விடுத்துச் சீட்டையும் உறையிலிட்டுக் கொடுங்கள்.

நிற்க. பரிசில் என்னும் பெயரில் நடைபெறும் வேறொன்றைச் சொல்லாதொழிதல் எனக்கு இயலவில்லை. எமக்கு உறவான ஒரு குடும்பத்தில், மணமகன் வீட்டார் சீர்வரிசைக்கென ஒரு பட்டியலை விடுத்தனர். அதில் சலவை இயந்திரம் எந்தக் கம்பெனியினது, எத்தனை கிலோ கொள்வது என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. பெண்ணின் தந்தையார் வட்டிக்குக் கடன் வாங்கினார்; மணம் முடிந்து, இயந்திரம் பழுதாகியும், கடன் தீரவில்லை. இதனைப் பரிசில் என்பது தமிழ்ச் சொல்லுக்கு இழைக்கும் கொடுமை. 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச்சட்டத்தின்படி அங்ஙனம் கேட்டலே குற்றம். கேளாமல் மனமுவந்து அளிப்பனவற்றை அச்சட்டம் தடுக்கவில்லை. அவற்றையும் ஒரு பட்டியலாக எழுதிவைத்தல் வேண்டும் என 1985இல் வகுத்த விதிகள் கூறும். பொருள் இன்னது, ஏறத்தாழ விலை இவ்வளவு, கொடுத்தவர் இன்னார், உறவினராயின் என்ன முறை என்று குறித்து, மணமக்கள் இருவரும் ஒப்பமிடல் வேண்டும். நம்மில் எத்தனை பேர் இதனைச் செய்கின்றோம்?

அக்காளும் அத்தானும் செய்தனர், எழுதினவன் யானே. மூன்று மிக்ஸிகளுள் ஒன்று அவர்கள் வீட்டில் ஓடுகின்றது, ஒன்று மாணவர் விடுதியொன்றிற்குச் சென்றது, மூன்றாவது பரண்மேல். அப்பட்டியலில் ஆச்சியின் பெயருக்கு நேரே “குக்கர் 1, ரப்பர் வளையம் 2, வால்வு 1” என்று எழுதியிருக்கின்றேன். முதல் வளையம் சென்ற ஆண்டு மாற்றப்பட்டது. இரண்டாவது, அக்காள் அடுக்களையில் ஓர் ஆணியில் தொங்குகின்றது.