ஆசிரியர்மீது முறைப்பாடு: விசாரணை எவ்வாறு நடைபெறுகிறது?

ஆசிரியர் ஒருவர்மீது முறைப்பாடு செய்வதென்றால் எம்மவருக்குத் தயக்கம் அதிகம். இடம்பெயர்ந்து வந்த குடும்பமென்றால் சொல்லவே வேண்டாம். பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் கிடைத்ததே பெரும்பாடு, அதற்குள் வாத்தியாரோடு பகை ஏன் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். வேறு சிலர் பெயர் போடாமல் மொட்டைப் பெட்டிசம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். சாட்சி சொல்ல ஆளில்லாத பெட்டிசம் எவ்வளவு தூரம் போகும்?

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 9ஆம் ஆண்டு வகுப்பில், கடிதம் எழுதும் பயிற்சி என்று சொல்லி, தமக்குத் தெரிந்த ஒரு சிறைக் கைதிக்கு மாணவிகளைக் கொண்டு கடிதம் எழுதுவிக்கிறார் ஆசிரியர். கடிதங்களில் பிள்ளைகளின் பெயரும் முகவரியும் உண்டு, சிலவற்றில் புகைப்படமும் உண்டு. பெற்றோருக்கோ அதிபருக்கோ இது தெரியாது. சில வாரங்களில் ஒரு மாணவிக்குப் பதில் வருகிறது. அடுத்த கடிதத்தில் ‘வீட்டில் காட்டவேண்டாம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கைதி ஒருவரை ஆசிரியர் அறிந்திருப்பதோ, சிறைக்குச் சென்று பார்ப்பதோ குற்றமல்ல. வழக்கு முடியாமலே ஆண்டுக்கணக்காக உள்ளே கிடந்தவர்களின் குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன, அவர்களை நோகடிக்கும் பேச்சு வேண்டாம். தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளை அந்த ஆசிரியர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே விசாரிக்கப்பட வேண்டியது. யாரிடம் அனுமதி பெற்றார்? முகவரியை ஏன் எழுதச் சொன்னார்? மறைக்கும்படி சொன்னாரா? எழுத மறுத்த பிள்ளைக்கு என்ன நடந்தது?

பெற்றோர் செய்யவேண்டியது சிறிது, ஆனால் அது முக்கியமானது. ஆத்திரத்தில் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். தபால் முத்திரையுள்ள உறையையும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, திகதியிட்டு எழுதிவையுங்கள். அதன்பின் துருவித் துருவிக் கேட்கவேண்டாம். மாமாவும் சித்தியும் அயலவரும் மாறிமாறிக் கேட்டால், பிள்ளை கண்டதும் மற்றவர்கள் சொன்னதும் கலந்துவிடும். பின்னர் எல்லாம் சொல்லிக்கொடுத்த கதை என்று எதிர்த்தரப்பு வாதிடும். சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றில் சமர்ப்பிக்க 1999இல் சட்டத்தில் இடம் செய்யப்பட்டதும் இத்தகைய தொல்லையைக் குறைப்பதற்காகவே.

முறைப்பாட்டை எழுத்தில் அதிபரிடம் கொடுத்து, பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் ஓர் அரச ஊழியர், ஆகவே தாபன விதிக்கோவையின் இரண்டாம் பாகத்திலுள்ள ஒழுங்குவிதிகள் அவருக்கும் பொருந்தும். முதலில் நடப்பது பூர்வாங்க விசாரணை. வாக்குமூலங்களும் ஆவணங்களும் திரட்டப்படும், குற்றவாளியா என்ற தீர்ப்பு அங்கே இல்லை. போதிய ஆதாரம் இருந்தால் குற்றப்பத்திரம் வழங்கப்படும். ஆசிரியர் எழுத்தில் பதிலளிப்பார். பதில் திருப்தி தராவிட்டால் முறைசார்ந்த ஒழுக்காற்று விசாரணை நடக்கும். அங்கே அவர் தமக்காகப் பேச ஒருவரை வைத்துக்கொள்ளலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். இதைக் கண்டு சினக்கக் கூடாது. பொய் முறைப்பாடுகளும் உலகில் உண்டு. மறுபக்கத்தைக் கேளாமல் எடுத்த முடிவு மேன்முறையீட்டில் நிலைப்பதும் அரிது.

கைதியின் பக்கத்திலும் சான்று உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. சிறைக்கு வரும் கடிதங்களையும் அங்கிருந்து போகும் கடிதங்களையும் அதிகாரிகள் பரிசோதிப்பார்கள். பார்க்க வருவோரின் விபரமும் பதியப்படும். விசாரணை அதிகாரி சிறைச்சாலை அத்தியட்சகர் ஊடாக இவற்றைக் கேட்கலாம், கைதியின் வாக்குமூலத்தையும் பெற முயலலாம். கைதி என்பதற்காக அவரது சொல்லைத் தள்ளிவிடுவது முறையல்ல. மற்றச் சான்றுகளோடு ஒப்பிட்டு அதை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பாலியல் தொல்லை, மிரட்டல், பணம் பறித்தல் ஆகியவை கலந்திருந்தால் விடயம் அதிபரின் அறையைத் தாண்டிவிட்டது. சிறுவர்மீதான பாலியல் குற்றங்கள் தொடர்பாகத் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டு இறுக்கமாக்கப்பட்டது. பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் முறையிடலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொலிஸ் வழக்கும் திணைக்கள விசாரணையும் வெவ்வேறு பாதைகள். நீதிமன்றில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். அங்கே ஆசிரியர் விடுவிக்கப்பட்டாலும், அதனால் மட்டும் திணைக்கள நடவடிக்கை முடிந்துவிடாது.

‘பாடசாலையின் பெயர் கெட்டுவிடும், சமாதானமாகப் போங்கள்’ என்று கேட்பவர்கள் வருவார்கள். ஆசிரியரை வேறிடத்துக்கு மாற்றினால் போதும் என்பார்கள். அவர் மாற்றப்படும் இடம் பெரும்பாலும் பஸ் போகாத ஒரு கிராமத்துப் பாடசாலைதான். அங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்! இடமாற்றத்தோடு விசாரணையும் நின்றுவிட்டதா என்று வலயக் காரியாலயத்தில் எழுத்தில் கேளுங்கள்.

விசாரணை மாதக்கணக்கில் இழுபடக்கூடும். அதற்கிடையில் நீங்கள் முகாம் மாறலாம், சொந்தக் காணிக்குத் திரும்பலாம், பிள்ளையும் பாடசாலை மாறலாம். சாட்சிக்கு அழைக்கும் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்க் கிடந்தால், முக்கிய சாட்சி இல்லாமலே விசாரணை நடக்கும். ஆகவே இடம் மாறியதும் புதிய விலாசத்தை வலயக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். தபால் கந்தோரில் தரும் துண்டை, பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.