நெல்லுக்கு கால் இல்லை!
வேகனுக்கு காத்துக் கிடக்கும் டெல்டா மூட்டைகள்

தஞ்சாவூருக்கு "நெற்களஞ்சியம்" என்று பெயர். பேர் பெத்த பேர்தான். ஆனால் களஞ்சியத்தில் நெல் இருந்தால் மட்டும் போதுமா? அது அரிசியாகி, ரேஷன் கடைக்கு வந்து, சோறாகி தட்டில் விழ வேண்டாமா?

விளைய வைப்பது விவசாயி. ஊர் விட்டு ஊர் கொண்டு போய்ச் சேர்ப்பது லாரியும், கூட்ஸ் ரெயிலும். இந்த இரண்டாவது வேலை ஒரு வாரம் நின்று போனால், முதல் வேலை செய்தவன் வயிறு எரியும்.

அப்படித்தான் எரிந்தது 2025-ம் ஆண்டு அக்டோபரில். குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்தன. கொள்முதல் நிலையங்களில் வாங்கிய மூட்டைகள் நகராமல் கிடந்தன. பழைய அட்டி நகர்ந்தால்தானே புது நெல் வாங்க இடம்? விவசாயிகள் கொண்டு வந்த நெல் களத்திலும், ரோட்டு ஓரத்திலும் குவிந்து கிடந்தது. நனைந்தது. முளையும் விட்டது!

17 சதவீதம்

கொள்முதல் நிலையங்களை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். 1972-ம் ஆண்டு ஏற்பட்டது. 2025 செப்டம்பர் முதல் குவிண்டாலுக்கு சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

விலை சரி. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. வெயிலில் காய வைத்து கொண்டு வருகிற நெல், நிலையத்து வாசலில் பத்து நாள் மழையில் காத்துக் கிடந்தால் என்ன ஆகும்? "ஈரம் இருக்கு, காய வெச்சு கொண்டாங்க" என்ற பேச்சுதான் வரும். வண்டி வராதது யார் குற்றமாக இருந்தாலும், நஷ்டம் மட்டும் விவசாயி தலையில்!

ஒரு ரெயில்... எத்தனை மூட்டை?

டெல்டாவில் விளைகிற நெல் எல்லாவற்றையும் இங்கேயே அரைத்து விட முடியாது. அதனால் கூட்ஸ் ரெயிலில் ஏற்றி, வெளி மாவட்டங்களுக்கு அரவைக்கு அனுப்புகிறார்கள்.

42 வேகன் கொண்ட ஒரு முழு ரெயிலில் சுமார் 2,500 டன் போகும். மூட்டைக்கு 40 கிலோ. அப்படியானால் ஒரு ரெயிலுக்கு 62,500 மூட்டை! பத்து டன் லாரி என்று வைத்தாலும் 250 லாரி லோடு.

ஒரு மூட்டையை எத்தனை தடவை தூக்க வேண்டும், தெரியுமா? நிலையத்தில் லாரிக்கு ஏற்ற ஒரு தடவை. ஸ்டேஷனில் இறக்கி வேகனில் அடுக்க ஒரு தடவை. போய்ச் சேர்ந்த ஊரில் வேகனில் இருந்து லாரிக்கு ஒரு தடவை. மில்லில் இறக்க இன்னொரு தடவை. நாலு தடவையும் மனிதன் முதுகுதான்! லாரி, வேகன், சாக்கு, சுமை தூக்கும் ஆள்... இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் மீதி மூன்றும் சும்மா நிற்கும்.

கடலைப் பார்த்து போட்ட தண்டவாளம்

இந்த ஊருக்கு ரெயில் புதுசா? இல்லவே இல்லை. 1861-ம் ஆண்டிலேயே நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் ரெயில் ஓடியது. மறு வருடம் திருச்சியை எட்டியது. துறைமுகத்தில் இருந்து உள்நாட்டை நோக்கிப் போட்ட பாதை அது.

முதலில் போட்டது அகலப் பாதை. 1875-ல் சிக்கனம் என்று மீட்டர் பாதையாகச் சுருக்கினார்கள். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, மறுபடி அகலப் பாதை ஆக்கினார்கள்! இடைப்பட்ட காலத்தில் அகலப் பாதை ஊருக்குப் போகிற சரக்கை வழியில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டிய அவஸ்தை.

இன்னொரு சேதி கேளுங்கள். மயிலாடுதுறையில் இருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் ரெயில் விட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு! நில வரியோடு சேர்த்து வசூல் செய்த ஜனங்களின் பணத்தில் போட்ட பாதை. அதே முத்துப்பேட்டை, அகலப் பாதை வேலைக்காக 2012-ல் ரெயிலை இழந்து, 2019 வரை காத்திருந்தது.

ரங்கூன் அரிசி

ரெயிலும் கப்பலும் நெல்லைக் கொண்டு போக மட்டுமா வந்தன? 1930-களில் உலகம் முழுவதும் விலை விழுந்தது. பர்மாவில் இருந்து மலிவு அரிசி கப்பல் கப்பலாக சென்னை மாகாணத்துக்கு வந்து இறங்கியது. தஞ்சை நெல் விலை சரிந்தது. மிராசுதார்கள் கூக்குரல் போட்டார்கள்.

1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அரிசி வரத்து அடியோடு நின்றது. அப்போதுதான் உள்ளூர் நெல்லின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது!

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலிலேயே நிற்கும். படகில் போய்த்தான் சரக்கும் ஆளும் ஏற வேண்டும். அப்படியும் "ரஜூலா" கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தது. பிறகு வந்த "சிதம்பரம்" கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணம் முடிந்தது. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கு பயணிகள் கப்பல் விட்டார்கள்.

பெரிய சரக்கு வியாபாரம் காரைக்காலுக்குப் போய்விட்டது. 2009-ல் அங்கே புதுத் துறைமுகம் வந்தது. வெளிநாட்டு நிலக்கரி அங்கே இறங்கி, திருவாரூர், தஞ்சாவூர் வழியாக ரெயிலில் போகிறது. தஞ்சைக்குக் கிழக்கே இருப்பதோ ஒற்றைப் பாதை. நிலக்கரிக்கும் அதுதான். நெல்லுக்கும் அதுதான். பயணிகளுக்கும் அதுதான்!

காலண்டரைப் பாருங்கள்!

மழை என்ன, சொல்லாமலா வருகிறது? மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அன்று தண்ணீர் விட்டால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். வடகிழக்கு பருவமழையும் அக்டோபரில்தான். இது டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

அப்படியானால் அணை திறந்த அன்றே, எத்தனை வேகன், எத்தனை லாரி, எத்தனை சாக்கு வேண்டும் என்று கணக்குப் போட்டு விடலாமே! நாலு மாத அவகாசம் இருக்கிறதே! நெல் காய வைக்கும் மெஷினும், மேலே கூரை போட்ட குடோனும் ஊருக்கு ஊர் இருந்தால், ரெயில் இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் நெல் முளைக்காது.

விவசாயி தன் வேலையை நேரத்துக்கு முடித்து விடுகிறான். வண்டியும் நேரத்துக்கு வர வேண்டும். கேட்பது அவ்வளவுதான்!